முறுக்கு டப்பாவுக்குள் அக்காவின் மூக்கு

ஆழ்ந்த வருத்தத்துடன் அறிவிப்பது என்னவென்றால், ஜொகூர், தம்போய், எங்கள் வீட்டு ஃபிரிட்ஜின் கதவோரத் தட்டில் வசித்து வந்த அரைப் பெட்டிப் பால் இன்று காலை காலமானது. அன்னாரின் மறைவை முறைப்படி உறுதி செய்தது, அடியேன் சொந்தக் கையால் உருவாக்கி, பள்ளிப் புத்தாக்கப் போட்டியில் முதல் பரிசும் வாங்கிய மின்னணு மூக்கு. நல்லடக்கம் பாத்திரம் கழுவும் தொட்டியில் எளிய முறையில் நடந்தேறியது. மலர்வளையம் தவிர்க்கவும்.

அன்புள்ள மகனே, இப்படியொரு துக்க வேளையில் உனக்கு எழுதுவதற்கு மன்னிக்கவும். பெயர் சொல்லி அழைக்காததற்கும் மன்னிக்கவும். உனக்கு இன்னும் பெயர் வைக்கவில்லை. வைக்காததற்குக் காரணம், நீ இன்னும் பிறக்கவில்லை. பிறக்காததற்குக் காரணம், உன் அம்மா யாரென்று எனக்கு இன்னும் தெரியாது. பக்கத்து வகுப்பில் ஒருத்தி மேல் எனக்குச் சந்தேகம் உண்டு. அவளுக்கு என் மேல் எந்தச் சந்தேகமும் இல்லை. இந்தச் சின்னச் சின்னத் தடங்கல்களை விட்டுவிட்டால், வளர்ந்த மகனுக்கு ஓர் அப்பா கடிதம் எழுத என்னென்ன தகுதி வேண்டுமோ அத்தனையும் எனக்கு இருக்கிறது. வயது பதினேழு ஆகிவிட்டது. முழங்கால் வலிக்கிறது, பந்தாடும்போது விழுந்ததில். வீட்டிலிருந்து ஒரு பெண் கல்யாணமாகிப் போகப்போகிறாள். மற்ற அப்பாக்கள் தலை நரைத்த பிறகுதான் எழுத உட்காருகிறார்கள். அதற்குள் பாதி மறந்துபோகிறது. மீதிப் பாதியில் தாங்கள் நல்ல பிள்ளையாக இருந்ததாகச் சேர்த்துவிடுகிறார்கள். நான் சூடு ஆறுவதற்குள் எழுதிவைத்து, உன் கல்யாணத்துக்கு முதல் நாள் உன் கையில் கொடுப்பதாக உத்தேசம். இடையில் யார் படித்தாலும் பரவாயில்லை. இது திறந்த கடிதம். மூடி வைத்தால் புளித்துவிடும் என்பது எங்கள் வீட்டு அனுபவம்.

முதலில் உன் மூக்கைப் பற்றி. கண்ணாடியில் பார்த்து நீ வருத்தப்பட்டிருப்பாய். அது என் தவறில்லை, என் அப்பாவிடமிருந்து வந்தது. எங்கள் அப்பாவுக்கு முகத்தை விட மூக்கு கொஞ்சம் முன்னால் பிறந்திருக்க வேண்டும். அவர் சமையல்காரர். தெப்ராவ் பக்கம் இரண்டு தொழிற்சாலைகளுக்கு மதியச் சோற்றுப் பொட்டலம் அனுப்புகிறார். சனி, ஞாயிறில் கல்யாணம், காதுகுத்து, புதுமனை என்று பெரிய அடுப்பு வைக்கிறார். வாசலில் நின்றபடியே, உள்ளே கொதிக்கும் ரசத்தில் பெருங்காயம் போட்டாயிற்றா இல்லையா என்று சொல்லக்கூடிய மனிதராக இருந்தார். கொரோனா வந்து போனபோது போகிற போக்கில் அந்த மூக்கையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. காய்ச்சல் இறங்கியது, இருமல் நின்றது, வாசனை மட்டும் திரும்பவில்லை. டாக்டர், வரலாம், வராமலும் போகலாம் என்றார். வரவில்லை. முகத்தின் நடுவில் அவ்வளவு பெரிய கட்டடம், உள்ளே ஆள் இல்லை.

இந்தச் சேதி எங்கள் நால்வரைத் தவிர யாருக்கும் தெரியாது. சமையல்காரருக்கு வாசனை தெரியாது என்று தெரிந்தால் அடுத்த நாள் யார் பொட்டலம் வாங்குவார்கள்? உப்பு, உறைப்பு, புளிப்பு எல்லாம் அப்பாவின் நாக்குக்குத் தெரியும். அளவு எல்லாம் கைக்குத் தெரியும். அதனால் சமைப்பதில் சிக்கல் இல்லை. கெட்டுப்போகத் தொடங்கியிருக்கிற பொருளைக் கண்டுபிடிப்பதில்தான் சிக்கல். முதல் நாள் வாங்கிய மீன், மிஞ்சிய பருப்பு, சந்தையிலிருந்து வந்த தேங்காய்ப் பால், இவையெல்லாம் கெடும்போது முதலில் மூக்கிடம்தான் சொல்லும். நாக்குக்குச் சேதி வந்து சேர்வதற்குள் நேரம் கடந்திருக்கும். அம்மா விடியுமுன் பஸ் ஏறிப் பாலத்தைத் தாண்டிச் சிங்கப்பூர் வேலைக்குப் போய்விடுவார். எனவே அப்பாவுக்கு மூக்காக இருந்தவள் அக்கா. அதாவது உன் அத்தை. தினமும் காலையில் அலுவலகத்துக்குத் தலை சீவிக்கொண்டே அடுப்படிக்கு வருவாள். ஒவ்வொரு மூடியாகத் திறந்து, குனிந்து, "சரிப்பா", "சரிப்பா", "இது வேணாம்ப்பா" என்று சொல்லிக்கொண்டே போவாள். அவள் வேண்டாம் என்றதை அப்பா மறுபேச்சில்லாமல் ஊற்றிவிடுவார்.

அந்த அக்காவுக்குத்தான் இந்த வருடம் உலு திராமில் மாப்பிள்ளை அமைந்தது. உலு திராம் ஒன்றும் அயல்நாடு இல்லை, ஆனால் தினமும் விடியுமுன் வந்து குழம்பை மோந்து பார்த்துவிட்டுப் போகிற தூரமும் இல்லை. ஒருநாள் சாப்பாட்டு மேசையில் அந்தப் பேச்சு வந்தது.

"நான் போயிட்டா யாருப்பா மோந்து பாப்பாங்க?" என்றாள் அக்கா.

"அதுக்காக கல்யாணம் பண்ணிக்காம இருப்பியா? நான் சமாளிச்சுக்குவேன் லா."

"எப்படி சமாளிப்பீங்க? யாராச்சும் வயித்தால போயி ஆஸ்பத்திரியில படுத்தா?"

அம்மா தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "எங்க கம்பெனியில செக்கியூரிட்டிக்கு ஆளு எடுக்குறாங்க. வயசு பாக்குறது இல்லையாம். நீங்க ஒரு வார்த்தை சரின்னு சொன்னா நான் சூப்பர்வைசர்கிட்ட கேக்குறேன்."

அப்பா சோற்றில் ரசம் ஊற்றிப் பிசைந்துகொண்டே இருந்தார், சாப்பிடவில்லை. அப்பாவைக் காவலாளிச் சீருடையில் நினைத்துப் பார்த்தேன். தொப்பி மூக்கில் இடிக்கும் என்று ஒரு நகைச்சுவை என் நாக்கு நுனி வரை வந்தது. வழக்கத்துக்கு மாறாக விழுங்கிவிட்டேன்.

"நான் இருக்கேன்ல?" என்றேன் அதற்குப் பதிலாக.

அம்மா சிரித்தார், அக்காவும் சிரித்தாள். அப்பா சிரிக்கவில்லை. அவர் எழுந்து கை கழுவப் போனார்.

ஏன் என்று நீ கேட்கலாம். வீட்டில் வேலை செய்யக்கூடிய இன்னொரு மூக்கு, அதுவும் அப்பா வழி வந்த பெரிய மூக்கு, சும்மாதானே இருந்தது? மகனே, உன் அப்பா அதற்கு முன்பே அந்த வேலையில் ஒரு நாள் சேர்ந்து, அதே நாளில் நீக்கப்பட்டவன். அக்காவுக்குக் காய்ச்சல். "வாடா, இன்னிக்கு நீ மோந்து பாரு" என்று அப்பா கூப்பிட்டார். சாம்பாரின் மேல் குனிந்தேன். அருமையான சாம்பார். உடனே முகத்தைச் சுளித்து, மூக்கைப் பிடித்துக்கொண்டு, "அலமாக், இது ஊசிப்போச்சுப்பா" என்றேன். அவர் பதறட்டும், சந்தேகப்படட்டும், நாக்கில் வைத்துப் பார்க்கட்டும், அப்புறம் இருவரும் சிரிக்கலாம் என்பது என் திட்டம். அவர் நாக்கில் வைக்கவே இல்லை. அக்காவின் மூக்கை நம்புவது போலவே என் மூக்கையும் நம்பினார். நான் திரும்பிச் சிரிப்பதற்குள் முழுப் பானையும் வடிகாலில் இருந்தது. "சும்மா சொன்னேன்ப்பா" என்றபோது அவர் திட்டவில்லை. பருப்பை எடுத்து மறுபடி கழுவத் தொடங்கினார். அதற்குப் பிறகு என்னிடம் எதையும் மோந்து பார்க்கச் சொன்னதில்லை. உனக்கு அறிவுரை சொல்ல வேண்டிய இடம் இதுதான் என்று நினைக்கிறேன்: உன்னை நம்புகிறவரிடம் விளையாடாதே, சந்தேகப்படுகிறவரிடம் மட்டும் விளையாடு. அவர்கள் தயாராக இருப்பார்கள்.

ஆக, என் மூக்கு செல்லாது. செல்லுபடியாகிற மூக்கு ஒன்று வேண்டும். மனிதன் சொன்னால்தான் விளையாட்டா என்று கேட்பார்கள்; இயந்திரம் சொன்னால் கேட்கமாட்டார்கள். இப்படித்தான் நான் விஞ்ஞானி ஆனேன். இரசாயன ஆசிரியை புத்தாக்கப் போட்டிக்குப் பெயர் கொடுக்கச் சொன்னபோது, இதுவரை எதிலும் தூக்காத கையைத் தூக்கினேன். அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். அதே கைதான்.

மின்னணு மூக்கு என்றால் பெரிய வித்தை என்று நினைக்காதே. நான்கு சின்ன சென்சார்கள். ஒவ்வொன்றும் சட்டைப் பித்தான் அளவு, மேலே கம்பி வலை, உள்ளே சூடேறும் ஓர் உலோகப் பூச்சு. காற்றில் வருகிற வாயு அந்தப் பூச்சில் பட்டால் அதன் வழியாக ஓடும் மின்சாரம் கூடும் அல்லது குறையும், அவ்வளவுதான். ஒன்று அம்மோனியாவுக்கு அதிகம் துள்ளும், மீன் கெடும்போது வருவது. ஒன்று ஆல்கஹாலுக்கு, புளிக்கும்போது வருவது. மற்ற இரண்டும் எல்லாவற்றுக்கும் கொஞ்சம் கொஞ்சம் துள்ளும், எங்கள் வகுப்பில் பின்வரிசை மாதிரி. ஒரு சென்சாரை மட்டும் கேட்டால் ஒன்றும் புரியாது. நான்கும் சேர்ந்து எப்படித் துள்ளுகின்றன என்கிற வடிவத்தைத்தான் கம்ப்யூட்டர் நினைவில் வைத்துக்கொள்கிறது. இவற்றையெல்லாம் தீபாவளிக்கு முறுக்கு போட்டு வைக்கும் சிவப்பு மூடி டப்பாவுக்குள் பொருத்தினேன். காற்றை உள்ளே இழுக்க ஒரு குட்டி விசிறி. வெளியே பச்சை விளக்கு, சிவப்பு விளக்கு. பச்சை என்றால் சாப்பிடலாம். சிவப்பு என்றால் ஊற்று.

இதில் முக்கியமான ஒரு விஷயம் உண்டு, பிறகு தேவைப்படும், அதனால் கவனி. இந்த மூக்குக்கு எதுவும் நாறவும் தெரியாது, மணக்கவும் தெரியாது. அதற்குத் தெரிந்ததெல்லாம் வித்தியாசம் மட்டும். முதலில் சும்மா காற்றைக் கொஞ்ச நேரம் முகரவிட வேண்டும். 'சுத்தம் என்றால் இதுதான்' என்று அது குறித்துக்கொள்ளும். அப்புறம் பானையிடம் கொண்டுபோனால், அந்தச் சுத்தத்திலிருந்து இது எவ்வளவு தூரம் விலகியிருக்கிறது என்று பார்க்கும். விலகல் கெட்டுப்போனதன் வடிவத்தில் இருந்தால் சிவப்பு.

அந்த வடிவத்தை யார் சொல்லித்தருவது? அதற்கும் ஒரு மனித மூக்குதான் வேண்டும். அக்காவைத்தான் பிடித்தேன். மீனை வாங்கி ஃபிரிட்ஜுக்கு வெளியே வைத்து, கொஞ்சம் கொஞ்சமாகக் கெடவிட்டு, ஒவ்வொரு கட்டத்திலும் அவளை மோந்து பார்க்கச் சொல்லி, அவள் சொன்னதை டப்பாவுக்குச் சொல்லிக்கொடுத்தேன். கல்யாணப் பெண் பாவம், புடவைக் கடைக்கும் நகைக்கடைக்கும் நடுவில் அழுகல் மீனுக்கு மார்க் போட்டுக்கொண்டிருந்தாள்.

"போதும்டா, என் புடவை பூரா மீன் கவிச்சி."

"இன்னும் பருப்பு இருக்கு, தேங்காய்ப் பால் இருக்கு, கோழி இருக்கு."

"கல்யாணத்துக்கு மணக்க மணக்கப் போகணும்டா நான்."

"மணக்காமலா கல்யாணம் பண்ணிக்கிறாங்க?"

அகப்பை பறந்து வந்தது. உன் அத்தைக்கு மூக்கு மட்டுமல்ல, குறியும் நன்றாகவே இருக்கும்.

இட்லி மாவில் டப்பா முதல் முறையாக மூக்குடைபட்டது. நன்றாகப் பொங்கி, நுரைத்து, நாளைக் காலை இட்லிக்குத் தயாராக இருந்த மாவை முகர்ந்த உடனே சிவப்பு. புளித்திருக்கிறதே, ஆல்கஹால் வாடை வருகிறதே, அதன் கணக்குப்படி அது பிணம். அப்பா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தார். "இட்லி மாவ கெட்டுப்போச்சுன்னு சொல்ற மெஷின எந்த ஊருலடா வாங்குன?" அக்காதான் உட்கார்ந்து யோசித்தாள். நல்ல புளிப்பில் ஒரு இனிப்பு அடியில் இருக்கும், கெட்ட புளிப்பில் பழைய துணி மாதிரி ஒன்று பின்னால் வரும் என்றாள். மாவுக்குத் தனியாக, குழம்புக்குத் தனியாக, பாலுக்குத் தனியாகச் சொல்லிக்கொடுத்தோம். கடைசியில் அக்கா சரி என்றதற்குப் பச்சையும் அவள் வேண்டாம் என்றதற்குச் சிவப்பும் காட்டத் தொடங்கியது. அவள் போனாலும் அவள் மூக்கு முறுக்கு டப்பாவுக்குள் எங்களோடு இருக்கும். இதை நான் அவளிடம் சொன்னபோது, "லூசு" என்றாள். ஆனால் அன்று தலையில் குட்டவில்லை.

ஒரு குறிப்பு. டப்பாவின் அடியில், மூன்றாவது திருகுக்குப் பக்கத்தில், ஒரு குட்டிப் பொத்தானும் வைத்திருந்தேன். அதை அழுத்தினால் சென்சார் என்ன சொன்னாலும் சிவப்பு எரியும். இதற்கு அறிவியல் காரணம் எதுவும் இல்லை. மாப்பிள்ளை முதல் முறையாக வீட்டுக்கு வந்தபோது, உடம்பெல்லாம் சென்ட் அடித்துக்கொண்டு வந்து உட்கார்ந்தார். டப்பாவை அவர் பக்கம் நீட்டி, "மாமா, ஒரு நிமிசம், சும்மா டெஸ்ட்" என்றேன். சிவப்பு. மனிதர் வெட்கத்தில் தன் கக்கத்தைத் தானே லேசாக முகர்ந்து பார்த்துக்கொண்டார். அப்பா வாசலுக்குப் போய்ச் சிரித்துவிட்டு வந்தார்.

இப்போது பரிசம் போட்ட நாளுக்கு வருகிறேன். வீட்டு வாசலிலேயே கூடாரம் போட்டோம். வெளியிலிருந்து சாப்பாடு எடுக்கலாம் என்று அம்மாவும் பெரியப்பாவும் சொன்னார்கள். அப்பா ஒத்துக்கொள்ளவில்லை. "என் புள்ள பரிசத்துக்கு வேற ஒருத்தன் கரண்டி புடிக்கிறதா? அப்ப நான் நாளையிலேருந்து தொப்பி போட்டுக்கிட்டு கேட்டுலயே நிக்கிறேன்" என்றார். அவர் சொன்னது அந்த ஒரு நாளைப் பற்றி மட்டும் இல்லை என்று எல்லாருக்கும் புரிந்தது. அக்கா இல்லாமல், அடுப்பில் தனியாக, இத்தனை பேருக்கு. இன்று தப்பில்லாமல் முடித்தால் அவர் சமையல்காரராகவே இருக்கலாம். மாப்பிள்ளை வீட்டாரில் ஒருவருக்கு வயிறு கலங்கினால் தொப்பிதான்.

சைவச் சமையல். சாமிக்குப் படைத்த பிறகுதான் மனிதர் நாக்கில் வைக்கலாம் என்பது எங்கள் வீட்டு முறை. அப்பா அதில் தளர்த்தவே மாட்டார். சாதாரண நாளில் அவருக்கு நாக்காவது துணைக்கு இருக்கும். படையல் நாளில் அதற்கும் விடுமுறை. ஆக, மூக்கு ஒன்றுதான், அதுவும் டப்பாவுக்குள். காலையில் சந்தையில் பிழிந்து வாங்கிய தேங்காய்ப் பால் இரண்டு பைகள். நாங்கள் வீடு திரும்பிய நேரம், நாற்காலி இறக்கும் லாரி தெருவை அடைத்துக்கொண்டு நின்றது. வேனை வெயிலில் விட்டுவிட்டு, அப்பா முதலில் காய்கறியைத் தூக்கிக்கொண்டு ஓடினார். பால் பின்னால் கிடந்தது. யாருக்கோ ஞாபகம் வந்தபோது பை கைக்கு வெதுவெதுப்பாக இருந்தது.

வெளியே தட்டு மாற்றப்போகிறார்கள். மேளம் இல்லை, பாட்டுப்பெட்டி மட்டும் பாடுகிறது. அக்கா பட்டுப் புடவையில் மணையில் உட்கார்ந்துவிட்டாள், கூப்பிட முடியாது. அடுப்படியில் அப்பாவும் நானும் டப்பாவும். டப்பாவை மேசை மேல் வைத்து மின்சாரம் கொடுத்து, சுத்தமான காற்றைக் குறித்துக்கொள்ள விட்டேன். அந்த நேரம் பார்த்து அம்மா சாம்பிராணித் தட்டோடு வீடு பூராவும் காட்டிக்கொண்டு உள்ளே வந்து, அடுப்படியையும் ஒரு சுற்று சுற்றிவிட்டுப் போனார். எனக்குத் தும்மல் வந்தது. டப்பா தும்மவில்லை. பாயசம் கொதித்து, கடைசியாகப் பால் சேர்க்கிற பதத்தில் இருந்தது. அப்பா முதல் பையை வெட்டிக் கிண்ணத்தில் ஊற்றினார். டப்பாவை அதன் மேல் பிடித்தேன். நம்பினால் நம்பு, சிவப்பு எரிந்தது.

அப்பா அந்த விளக்கையே பார்த்தார். பையைப் பார்த்தார். கிண்ணத்தையும் இரண்டு பைகளையும் தொட்டியில் கவிழ்த்தார். "ஓடு. சந்தைக்கு வேணாம், முக்குக் கடையில பொட்டித் தேங்காய்ப் பால் இருக்கும், அதையே வாங்கிட்டு வா." மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு பறந்தேன். பாயசம் கொஞ்சம் தாமதமாக வந்தது, அவ்வளவுதான். மாப்பிள்ளையின் அம்மா இரண்டாவது கிண்ணம் கேட்டு வாங்கி, "சம்பந்தி, கல்யாணத்துக்கும் நீங்களே சமைச்சா என்ன?" என்றார். எல்லாரும் மூக்கு முட்டச் சாப்பிட்டார்கள். யாரும் வயிற்றைப் பிடிக்கவில்லை. எல்லாரும் போன பிறகு அப்பா டப்பாவைத் துணியால் துடைத்து, சாமி படத்துக்குக் கீழே வைத்தார். அம்மா செக்கியூரிட்டிப் பேச்சை எடுக்கவில்லை, இன்று வரை.

அடுத்து வந்த பள்ளிப் போட்டியில் அந்தக் கதையை நான் மேடையில் சொன்னேன், கையெல்லாம் ஆட்டி. நடுவர்கள் மூக்கின் மேல் விரலை வைத்தார்கள். முதல் பரிசு. ஆசிரியை அடுத்த கட்டப் போட்டிக்குப் பெயர் கொடுத்திருக்கிறார். உன் அப்பா பதினேழு வயதில் ஒரு குடும்பத்தின் மானத்தையும் ஒரு சமையல்காரரின் தொழிலையும் ஒரு முறுக்கு டப்பாவால் காப்பாற்றியவன் என்று நீ உன் நண்பர்களிடம் சொல்லிக்கொள்ளலாம்.

சொல்லாமல் இருந்தால் இன்னும் நல்லது. ஏனென்றால், அன்று முதலில் எரிந்தது பச்சை.

சாம்பிராணிதான் காரணம். டப்பா சுத்தமான காற்று என்று குறித்துக்கொண்டது அம்மாவின் புகையை. அந்தப் புகையோடு ஒப்பிட்டால் எந்தப் பாலும் பரிசுத்தம்தான். ஆனால் அப்பா பையை வெட்டிய உடனே என் மூக்குக்கு வந்துவிட்டது, அக்கா சொன்ன அதே பழைய துணி. "அப்பா, புளிச்ச வாடை வருதுப்பா" என்றேன். அவர் கிண்ணத்தைக் கையில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தார். கோபம்கூட இல்லை. "இன்னிக்கு ஒரு நாளாச்சும் விளையாடாத தம்பி. உன் மெஷினே பச்சைன்னு சொல்லுது." சத்தியம் செய்யலாமா என்று நினைத்தேன், ஆனால் நல்ல சாம்பாரை ஊசிப்போனது என்று சொன்னவனின் சத்தியம் எடுபடுமா? "இருங்க, இன்னொரு தடவ பாக்குறேன்" என்று டப்பாவை மறுபடி தூக்கினேன். மூன்றாவது திருகுக்குப் பக்கத்தில் என் கட்டைவிரல் போனது. சிவப்பு. என் மூக்கு சொன்னதை நம்பாதவர், என் விரல் சொன்னதை அரை நொடியில் நம்பினார்.

மேடையில் கை ஆட்டியதெல்லாம் அந்த விரலைக் காட்டாமல் இருக்கத்தான்.

அதற்குப் பிறகு அக்காவுக்கு ஓய்வு கொடுத்துவிட்டு, தினமும் காலையில் அப்பா டப்பாவைத்தான் நம்பினார். நான் பள்ளிச் சட்டையோடு பக்கத்தில் நின்று, ஏதோ ஒயரைச் சரிசெய்வது போல ஒவ்வொரு பானையாகத் திருட்டுத்தனமாக மோந்துகொண்டிருந்தேன். டப்பா பெரும்பாலும் சரியாகத்தான் சொன்னது. தவறியபோது விரல். ஆனால் நான் பள்ளி முகாமுக்குப் போனால்? வெள்ளிக்கிழமைதோறும் அம்மா சாம்பிராணி போட்டால்? அக்கா கல்யாணம் நெருங்கிவிட்டது. இன்று காலை அப்பா பருப்பு தாளித்துக்கொண்டிருந்தபோது சொல்லிவிட்டேன், பச்சையையும் புகையையும் பொத்தானையும்.

கடுகு வெடித்து முடிந்ததும் அவர் என் பக்கம் திரும்பினார். "அப்ப இத்தன நாளா நான் உன் வெரலையா நம்பிக்கிட்டு இருந்தேன்?"

"தெனமும் இல்லப்பா. ரெண்டு மூணு தடவதான்."

"அந்தப் பால் நெசமாவே கெட்டுத்தான் இருந்துச்சா?"

"நெசமா. பழைய துணி மாதிரி."

அடுப்பைக் குறைத்தார். டப்பாவைத் தலைகீழாகத் திருப்பி, பொத்தானைத் தேடிப் பிடித்து, அதன் மேல் தன் கட்டைவிரலை வைத்து ஒரு முறை அழுத்திப் பார்த்தார். சிவப்பு. "மாப்பிள்ளைக்கும் இதேதானா?" என்றார். தலையாட்டினேன். உதடு துடித்தது, ஆனால் சிரிக்கவில்லை. "இந்தப் பட்டன கழட்டிரு. மெஷின் இருக்கட்டும், அம்மா பொக போடாத நாளைக்கு." அப்புறம் நேற்றைய குழம்புப் பாத்திரத்தின் மூடியைத் திறந்து என் பக்கம் நகர்த்தினார். "இத மோந்து பாரு."

குனிந்தேன். மகனே, என் வாழ்நாளில் எதையும் நான் அவ்வளவு கவனமாக மோந்ததில்லை. "சரிப்பா" என்றேன். அவர் நாக்கில் வைத்துப் பார்க்காமல் அடுப்பில் ஏற்றினார்.

எனக்கு வேலை திரும்பக் கிடைத்துவிட்டது. அந்தச் சந்தோசத்தில் உலகமே மணக்க, ஃபிரிட்ஜைத் திறந்து, பாலை எடுத்து, கோப்பையில் ஊற்றி, அடியேன் மடக் மடக்கென்று பாதியைக் குடித்த பிறகுதான் தெரிந்தது. மேலே முதல் பத்தியில் அன்னாரின் மறைவை மின்னணு மூக்கு உறுதி செய்ததாக எழுதினேன் அல்லவா, அது பொய். டப்பா மூடியபடியே சாமி படத்துக்குக் கீழே இருந்தது. உறுதி செய்தது என் தொண்டை. நான் தொட்டிக்கு ஓடித் துப்பிக்கொண்டிருந்தபோது, அப்பா கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"நல்ல மூக்குடா உனக்கு" என்றார்.